புகையிலை அதக்கும் பழக்கமும் பல்லீறும்

'பல் போனால் சொல் போச்சு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்தப் பல் எப்படிப் போகிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டனர். பூச்சி அரித்துத்தான் பல் போகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நடுத்தர வயதைக் கடந்தவர்களில் பலருக்குச் சொத்தை ஏதும் இல்லாமலேயே பல் ஆடத் தொடங்குகிறது. ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றோடு சேர்ந்து கையில் வந்துவிடுகிறது. அவ்வாறு விழுந்த பல்லை எடுத்துப் பார்த்தால், அது வேரோடு முழுமையாகப் பழுதின்றி இருக்கும். கெட்டது பல் அன்று. பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த ஈறும், ஈற்றுக்கு அடியில் இருந்த எலும்புமே கெட்டவை. மழைக்காலத்தில் ஆற்றோரத்து மரம் சாய்வதை நாம் பார்த்திருக்கிறோம். மரத்தில் நோய் இராது; அது வேரூன்றி நின்ற கரையைத்தான் வெள்ளம் அரித்திருக்கும்.

நம் தோட்டப்புறத்து மக்களிடையே அந்தக் கரையை அரிக்கும் பொருள்களுள் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத முன்வந்தோம். அது புகையிலை. சிகரெட்டைப் பற்றிய எச்சரிக்கைகளை நாம் எல்லோரும் அறிவோம். அதன் பெட்டியிலேயே அஞ்சத்தக்க படங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையை, கன்னத்தில் அதக்கிக்கொள்ளும் புகையிலையை, யாரும் புகையிலைப் பழக்கமாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்கும்போது, "நான் பீடி, சிகரெட் எதையும் தொடுவதில்லை" என்று வாயில் புகையிலையை அதக்கியபடியே மறுமொழி கூறுபவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. 'புகை' என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. புகை இல்லையென்றால் தீங்கும் இல்லை என்று மனம் முடிவு கட்டிக்கொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பேரா மாநிலத்தில் உள்ள தோட்டம் ஒன்றுக்கு நடமாடும் பல் மருத்துவக் குழுவினருடன் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தோட்டத்து மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதலில் பிள்ளைகள் வந்தனர். பெரியவர்கள் வெகுநேரம் தயங்கிய பின்னரே வந்தனர். அறுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர், வாயை நன்றாகக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். டாக்டரம்மா விளக்கைச் சரிசெய்து அவருடைய வாயைச் சிறிது நேரமே பார்த்திருப்பார். "ஏனம்மா, இடப்பக்கம்தானே புகையிலையை அதக்குவீர்கள்?" என்று கேட்டார்.

அம்மையார் திடுக்கிட்டுப் போனார். வீட்டில் உள்ளவர்கள் யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துத் தம் மகளை ஒரு பார்வை பார்த்தார். மகளோ தலையை அசைத்து மறுத்தார். டாக்டரம்மா நம்மையும் அருகே அழைத்து, சிறு கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினார். வலப்பக்கத்துக் கீழ்ப்பற்களின் அடியில் ஈறு ஓரளவு நல்ல நிலையிலேயே இருந்தது. இடப்பக்கத்திலோ ஈறு வெகுவாகக் கீழிறங்கி, பல்லின் வேர்ப்பகுதி மஞ்சள் நிறத்தில் வெளியே தெரிந்தது. அதனால் அந்தப் பற்கள் மற்றவற்றைவிட நீண்டு வளர்ந்தவை போலத் தோன்றின. அதே இடத்தில் கன்னத்தின் உட்புறம் வெண்மையாகவும், வெகுநேரம் நீரில் ஊறிய விரல் நுனியைப் போலச் சுருங்கியும் இருந்தது. புகையிலை எங்கே தங்கியதோ அங்கேயே கேடும் தங்கியிருந்தது.

"பல் வலிக்கிறதே என்றுதான் அந்த இடத்தில் வைக்கத் தொடங்கினேன், டாக்டரம்மா" என்றார் அம்மையார். எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டதற்கு, "இவள் வயிற்றில் இருக்கும்போது" என்று மகளைச் சுட்டிக்காட்டினார். அந்த மகளுக்கே இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மருந்தென்று வைத்த பொருளே நோயை வளர்த்தது என்பதை அவரால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்மீது குற்றமில்லை. புகையிலை வைத்தால் பல்வலி சற்று மரத்துப்போவது உண்மையே. அந்தச் சிறு நேர உண்மைதான் முப்பது ஆண்டுக் காலம் அவரை ஏமாற்றி வந்தது. வலித்ததால் வைத்தார், வைத்ததால் ஈறு இறங்கியது, ஈறு இறங்கியதால் வேர் வெளிப்பட்டுக் குளிர்ந்த நீர் பட்டாலும் கூசியது, கூசியதால் மீண்டும் அங்கேயே வைத்தார்.

ஈறு எவ்வாறு கெடுகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஈற்றின் அமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். ஈறு பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், சட்டைக் கழுத்துப்பட்டையைப் போல ஒரு சிறு மடிப்பு உண்டு. நலமாக உள்ளவர்களுக்கு அம்மடிப்பின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையில் இருக்கும். பல் மருத்துவர்கள் மெல்லிய அளவுக்கோல் ஒன்றைச் செருகி எண்களைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அளப்பது இந்த ஆழத்தைத்தான்.

நாம் உண்ட பிறகு பல்லின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது வெறும் உணவுத் துணுக்கு அன்று. கோடிக்கணக்கான கிருமிகள் வாழும் இருப்பிடம். நாள்தோறும் துலக்கி அகற்றாவிட்டால், எச்சிலில் உள்ள உப்புகள் அதில் படிந்து, சமையற்கட்டுத் தண்ணீர்க் கெண்டியில் பிடிக்கும் கறையைப் போலக் கல்லாக இறுகிவிடுகிறது. இதையே பற்காரை என்கிறோம். காரையின் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் கிருமிகள் தங்குகின்றன. அவற்றை எதிர்த்து உடல் போராடும்போது ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கினால் இரத்தம் கசிகிறது. இது முதல் நிலை. நன்றாகத் துலக்கிக் காரையையும் நீக்கிவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கவனியாமல் விட்டால் கிருமிகள் மடிப்பின் அடிவரை இறங்குகின்றன. ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து மடிப்பு ஆழமாகிறது. 4, 5, 6 மில்லிமீட்டர் என்று பையைப் போல ஆகிறது. அந்தப் பையின் அடியில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. இந்நிலையை அடைந்த பின்னர் இழந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. இவ்வளவு நடக்கும்போதும் பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை என்பதுதான் இந்நோயின் கொடுமை. பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் மருத்துவரைத் தேடிச் செல்கின்றனர்.

ஈற்று நோய்க்கு அடிப்படைக் காரணம் பற்படலமே. புகையிலையை ஒரு நாளும் தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆனால் புகையிலை இந்நோயின் கையாளாக நின்று வேலை செய்கிறது. அதில் உள்ள நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. போதிய இரத்த ஓட்டம் பெறாத ஈறு, கிருமிகளை எதிர்க்கவும் புண்ணை ஆற்றிக்கொள்ளவும் வலிமை இழக்கிறது. அதக்கிய புகையிலை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுந்திக் கிடப்பதால் அவ்விடத்து ஈறு எரிச்சலுற்று, தேய்ந்து, வேரை விட்டுக் கீழிறங்குகிறது. அவ்வாறு இறங்கிய ஈறு தானாக மேலேறி வருவதில்லை. வெளிப்பட்ட வேருக்கோ பல்லின் மேற்பகுதியில் உள்ள கடினமான எனாமல் கவசம் கிடையாது. எனவே அது எளிதில் தேய்கிறது. எளிதில் சொத்தையும் ஆகிறது. கரித்தூள், செங்கற்பொடி, மணல் கலந்த உப்பு ஆகியவற்றால் துலக்கும் வழக்கமும் சேர்ந்துவிட்டால், வேரின் கழுத்தில் கோடரியால் வெட்டியது போன்ற பள்ளம் விழுந்துவிடுகிறது.

சுண்ணாம்பின் பங்கையும் இங்கே கூற வேண்டும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. காரம் சேரும்போது புகையிலையில் உள்ள நிகோட்டின் வாயின் மெல்லிய தோல் வழியாக விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. 'சுண்ணாம்பு கூடினால்தான் பிடிக்கிறது' என்று பழகியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். வட இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளர்களில் சிலர், கைனி என்னும் புகையிலைத் தூளை உள்ளங்கையில் சுண்ணாம்போடு தேய்த்துக் கீழ்உதட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்களே, அங்கும் அதே தந்திரம்தான். இவர்களுக்கு முன்பற்களின் ஈறு முதலில் இறங்குகிறது. நம் பாட்டிமார்களுக்குக் கடைவாய்ப் பக்கம் இறங்குகிறது. வைக்கும் இடம் வேறு, விளைவு ஒன்று.

பழக்கம் வந்த வழி

இப்பழக்கத்தை எள்ளி நகையாடுவதற்காக நாம் இதை எழுதவில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, இருட்டில் நிரையேறி, ஒரு கையில் உளியும் மறு கையில் வாளியுமாக நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியவர்களுக்கு, உணவு நேரம் வரை பசியைத் தாங்க ஒரு துணை வேண்டியிருந்தது. சிகரெட்டைப் பிடிக்கக் கை வேண்டும். கன்னத்தில் அதக்கிய புகையிலைக்குக் கை வேண்டியதில்லை. பெண்கள் புகைத்தால் ஊர் பேசும்; வெற்றிலை போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இக்காரணங்களால் அது தோட்டத்துப் பெண்களிடையே வேரூன்றியதில் வியப்பில்லை. இன்று பால்மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. நம்மவர்களில் மிகப் பலர் தோட்டங்களை விட்டு நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் வெற்றிலைப் பெட்டியும் அதற்குள் புகையிலைச் சுருளும் சில வீடுகளில் கூடவே குடிபெயர்ந்தன.

வெற்றிலை நமக்கு மட்டும் உரியதன்று. மலாய்க்கார அன்பர்களின் திருமணங்களில் 'சீரே' வைக்கும் தட்டுக்குத் தனி இடம் உண்டு. 'பினாங்' என்றால் மலாய் மொழியில் பாக்கு. பாக்குமரத்தின் பெயரையே பினாங்குத் தீவு தாங்கி நிற்கிறது. 1949-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் பல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி அந்தப் பாக்குத் தீவிலேயே தொடங்கப்பட்டது என்பதை எண்ணும்போது நமக்குப் புன்முறுவல் தோன்றுகிறது.

தாம்பூலம் நம் பண்பாட்டில் மிகத் தொன்மையானது. புகையிலை அப்படியன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர்ப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதன் பின்னரே வெற்றிலைக்குள் புகுந்து இடம் பிடித்துக்கொண்டது. ஆகவே, 'புகையிலையை விட்டுவிடுங்கள்' என்று சொல்பவர்கள் நம் பண்பாட்டைக் கைவிடச் சொல்வதாக யாரும் வருந்த வேண்டியதில்லை. நிச்சயதாம்பூலத் தட்டில் புகையிலைக்கு இடமே இல்லை.

ஆனால் புகையிலையை மட்டும் நீக்கிவிட்டுப் பாக்கைத் தொடரலாம் என்று எண்ணுவோரும் உளர். அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலந்த வெற்றிலை மெல்லுதல் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-ஆம் ஆண்டில் அறிவித்தது. பின்னர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உறுதி செய்தது. புகையில்லாப் புகையிலையில் புற்றுநோயை விளைவிக்கும் பொருள்கள் குறைந்தது 28 இருப்பதாகவும் அவ்வமைப்பு கணக்கிட்டுள்ளது. பாக்கை நெடுங்காலம் மெல்பவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் இறுகி நார்போல் ஆகிவிடுகிறது. நடுவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. பாக்கை விட்ட பிறகும் இந்த இறுக்கம் முழுவதும் தளர்வதில்லை.

நம் நாட்டில் 1993-94-ஆம் ஆண்டுகளில் வாயின் உட்புறத் தோலைப் பற்றித் தேசிய அளவில் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. புற்றுநோயாக மாறக்கூடிய மாறுதல்கள் இந்தியர்களிடையேதான் மிகுதியாகக் காணப்பட்டன. அவர்களுக்கு அடுத்த நிலையில் சபா, சரவாக் பூர்வகுடியினர் இருந்தனர். சீனர்களிடம் மிகக் குறைவு. இந்த வேறுபாடு இரத்தத்தில் வந்ததன்று. வெற்றிலைப் பெட்டியிலிருந்து வந்தது என்றே நாம் கருதுகிறோம். பெட்டி கைமாறாமல் நின்றுவிட்டால் அடுத்த தலைமுறையில் இந்த வேறுபாடும் குறையும்.

நீரிழிவு நோயையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிகுதி. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பவர்களுக்கு ஈற்று நோய் விரைவாக முற்றுகிறது. ஈற்றில் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. நீரிழிவும் புகையிலையும் ஒருங்கே உள்ள ஒருவர், பல் வலிக்காவிட்டாலும் பல் மருத்துவரைக் காண்பது அவசியம்.

வகுப்பறையில் நாம் செய்த பிழை

அரசாங்கத் தகவல் பணிக்கு வருமுன்னர், நாம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றினோம். காலை வரிசையில் நகத்தையும் பல்லையும் பார்ப்பது நம் பொறுப்பு. 'இனிப்பைக் குறை, இருவேளை துலக்கு' என்று எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஒரு நாள் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய சட்டைப் பையில் பழைய நாளிதழில் மடித்த பொட்டலம் ஒன்று இருக்கக் கண்டோம். பாட்டிக்குப் புகையிலை வாங்கி வைத்திருப்பதாகவும், பள்ளி விட்டு வரும்போது கடை பூட்டியிருக்கும் என்பதால் காலையிலேயே வாங்கிக்கொண்டதாகவும் சொன்னான். கடமை தவறாத பிள்ளை என்று பாராட்டி அனுப்பிவிட்டோம். அந்தப் பொட்டலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாட்டிக்குத் தெரியாமல் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுப் பார்க்கும் வயது அது என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை. பல்லைப் பற்றிய பாடத்தில் மிட்டாய்க்கு இடம் இருந்தது. புகையிலைக்கு இடம் இல்லை.

18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பது சட்டப்படி குற்றமாகும். 'பாட்டிக்குத்தானே' என்று கடைக்காரர் கொடுப்பதும், 'ஓடிப்போய் வாங்கி வா' என்று வீட்டார் அனுப்புவதும் தவறே. அண்டை நாடான சிங்கப்பூர் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலை வகைகளையே தடை செய்துவிட்டது. அங்கே வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முறை

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, விரலைத் தூய்மையாகக் கழுவிக்கொண்டு கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள். புகையிலையை வைக்கும் பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் நீண்டவை போலத் தெரிந்தால் அங்கே ஈறு இறங்கியிருக்கிறது என்று பொருள். வெள்ளைப் படையோ சிவந்த படையோ, தடிப்போ, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ காணப்பட்டால் நாள் கடத்தாமல் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அவற்றுள் பல தீங்கற்றவையாக இருக்கலாம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. சில வேளைகளில் மருத்துவருங்கூடச் சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகே முடிவு சொல்கிறார். வாய்ப்புற்றும் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

'காரையைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும்' என்னும் அச்சம் நம்மவர்களிடம் மிகப் பரவலாக உள்ளது. ஆடும் பல்லைக் காரை சிமெண்டைப் போலப் பிடித்துக்கொண்டிருப்பதால், அதை நீக்கியதும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும். ஆகவே, அச்சத்தை விட்டு, மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் காரையை நீக்கிக்கொள்ளுங்கள். மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் கொண்டு காலையிலும் இரவு படுக்குமுன்னரும் துலக்குங்கள். ஈறு இறங்கிய இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

புகையிலையை விடுவது எளிதென்று நாம் சொல்லப்போவதில்லை. முப்பது ஆண்டுகள் உடன்வந்த பொருள் ஒரே நாளில் போய்விடாது. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் மிகுந்திருக்கும். சில வாரங்களில் அவை தணிந்துவிடும். கைக்கும் வாய்க்கும் ஏதேனும் வேலை வேண்டும் என்போர் ஏலக்காய், சோம்பு, கிராம்பு ஆகியவற்றில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவுகள் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உள்ளன. 'நான் புகைப்பவன் அல்லன், மெல்பவன்' என்று கூச்சப்படாமல் அங்கே சென்று கேளுங்கள். இரண்டிலும் மனிதனைக் கட்டிப்போடுவது ஒரே நிகோட்டின்தான்.

வீட்டில் உள்ள இளையோருக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி எறிந்து சண்டையிடாதீர்கள். பல்லெல்லாம் போன பின்னரும் சிறிய இரும்பு உரலில் இடித்து வாயில் போட்டுக்கொள்ளும் முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பலருக்கு அந்த உரலின் ஓசையே பேச்சுத் துணை. அவரைப் பல் மருத்துவரிடம் ஒரு முறை அழைத்துச் சென்று, கண்ணாடியில் அவருடைய வாயை அவரே பார்க்கும்படி செய்யுங்கள். நூறு அறிவுரைக்கு அது மேல்.

முன்னர்க் குறிப்பிட்ட அம்மையாரை ஏறத்தாழ ஆறு திங்களுக்குப் பின்னர் அதே மண்டபத்தில் மீண்டும் சந்தித்தோம். இடப்பக்கத்தில் இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது; அவற்றைக் காப்பாற்ற வழியில்லை என்றார் டாக்டரம்மா. இறங்கிய ஈறு இறங்கியபடியே இருந்தது. ஆனால் கன்னத்தில் இருந்த வெள்ளைப் படை மெலிந்து, ஓரத்தில் ஒரு சிறு கீற்று மட்டுமே எஞ்சியிருந்தது. புகையிலையை விட்டவர்களில் பலருக்கு இப்படை இவ்வாறு மறைவதுண்டு. மறையாமல் நின்றால் சோதிக்க வேண்டும் என்பதால் மறுமுறை வரும் தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள். மற்றப் பற்களின் மடிப்பை அளந்து முந்தைய அட்டையோடு ஒப்பிட்டார் டாக்டரம்மா. எண்களில் மாற்றம் இல்லை, மேலும் ஆழமாகவில்லை.

புகையிலையை முற்றிலும் விட்டுவிட்டதாக அம்மையார் பெருமையோடு கூறினார். பெட்டியைத் திறந்தும் காட்டினார். ஏலக்காயும் கிராம்பும் இருந்தன. வெற்றிலைக்கு அடியில் பாக்கும் இருந்ததை அவர் சொல்லவில்லை. மகள்தான் வெளியே வந்து மெல்ல நம்மிடம் சொன்னார். அதை டாக்டரம்மாவிடம் சொல்லிவிடும்படி நாம் கேட்டுக்கொண்டோம். "அடுத்த முறை அம்மாவையே சொல்லச் சொல்கிறேன், ஐயா" என்றார் அவர்.